"60×60 மிலிட்டரி நைட் விஷன்"னா என்னது அண்ணாச்சி? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தப் பத்தி எழுதிருந்தேம்லா, அதுக்கப்புறம் வந்த கேள்வியில பாதிக்கு மேல பறவையப் பத்தியே இல்ல, பைனாகுலரப் பத்தி. அதுலயும் எது நல்லதுன்னு கேட்டவங்க கம்மி, டப்பா மேல எழுதிருக்க வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு கேட்டவங்கதான் ஜாஸ்தி. எனக்கு இது ரொம்ப நாளா மனசுல கெடக்க விஷயம், அதனால இந்தத் தடவ பக்கம் முழுசும் இதுக்கே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: பேரன் எட்டாங்கிளாஸ் படிக்கான். கூந்தன்குளம் போயிட்டு வந்ததுல இருந்து பைனாகுலர் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கான். போன்ல ஒரு விளம்பரம் வந்துச்சு, "60×60, டே அண்ட் நைட் விஷன், மிலிட்டரி கிரேட், 3 கிலோமீட்டர் ரேஞ்ச்"னு போட்டு வெல 1,299 ரூவா. இவ்வளவு பவர் இவ்வளவு கம்மி வெலைக்கு எப்படி குடுக்காங்க, வாங்கலாமா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்

பதில்: வாங்காதீங்க சார். ஏன்னு வெவரமா சொல்லுதேன், இது ஒண்ணு புரிஞ்சிட்டா மத்த விளம்பரம் பாதி தானா வெளுத்துரும்.

பைனாகுலர்ல ரெண்டு நம்பர் இருக்கும். 8×42ன்னா 8 மடங்கு பெருசா தெரியும், முன்னால இருக்க பெரிய லென்ஸ் 42 மில்லிமீட்டர் அகலம். அவ்வளவுதான். இப்ப ரெண்டாவது நம்பர மொத நம்பரால வகுங்க, 42 வகுத்தல் 8, வருது 5.25. கண்ணு வைக்கிற பக்கத்துல இருந்து வெளிய வர வெளிச்சம் ஒரு சின்ன வட்டமா வரும், அந்த வட்டத்தோட அகலம்தான் இந்த 5.25 மில்லிமீட்டர். நம்ம கண்ணுல நடுவுல இருக்க கருப்பு ஓட்டை நல்ல வெயில்ல 2, 3 மில்லிமீட்டர்தான் தெறந்திருக்கும், இருட்டுல சின்ன வயசுக்காரங்களுக்கு 7 வரைக்கும் விரியும், வயசாக ஆக 5க்குக் கிட்ட கொறஞ்சிரும். இப்ப அந்த 60×60 நெசமாவே 60×60ஆ இருந்தா கணக்கு என்ன வருது, 60 வகுத்தல் 60, வெறும் 1 மில்லிமீட்டர். இருட்டுல கண்ணு அகலமா வாயத் தெறந்துட்டு வெளிச்சம் கேக்கும்போது ஊசி ஓட்டை வழியா குடுக்கத எப்படி நைட் விஷன்னு சொல்லுதாங்க? நெஜமான நைட் விஷன் கருவிக்கு பேட்டரி வேணும், உள்ள வெளிச்சத்தப் பெருக்குற குழாயோ சென்சாரோ இருக்கணும், வெறும் கண்ணாடி லென்ஸால அது முடியவே முடியாது.

இன்னொண்ணு, பறவை 60 மடங்கு பெருசாகும்போது நம்ம கை நடுக்கமும் 60 மடங்கு பெருசாகும். 10 மடங்குக்கு மேல போனாலே கையில புடிச்சு நெதானமாப் பாக்க பல பேருக்குக் கஷ்டம், ஸ்டாண்டு வேணும். அதனால டப்பால 60ன்னு எழுதி, கழுத்துல மாட்டிக்கிட்டு கையில வச்சுப் பாக்கலாம்னும் போட்டோல காட்டுனா உள்ள இருக்கது 60 இல்லன்னு வாங்காமலே சொல்லிரலாம்.

இத ஏன் இவ்வளவு நீட்டி சொல்லுதேன்னா, எனக்கே நடந்துச்சு. மொத சம்பளம் வாங்குன வருசம் சீசன் சமயத்துல ஒரு கடையில 20×50ன்னு எழுதுன ஒண்ணு வாங்குனேன். கூழைக்கடா ரெண்டு ரெண்டா தெரிஞ்சுது, பத்து நிமிசத்துல மண்டையிடி. கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு ஆஸ்பத்திரிக்குப் போயி செக் பண்ணிட்டு வந்தேன், கண்ணுல ஒரு கொறையும் இல்ல. அப்புறம் ஒரு வாத்தியார்தான் ஸ்கேல வச்சு எப்படி அளக்கணும்னு காட்டித் தந்தாவ, அளந்து பாத்தா அது 20ம் இல்ல 50ம் இல்ல. பறவ பாக்க ஆசையே விட்டுப்போற அளவுக்கு அந்த சாமான் என்னைய நோகடிச்சிது, உங்க பேரனுக்கு அது நடக்கக்கூடாது சார்.

அளக்கதும் சுலபம்தான். பைனாகுலர கை நீளத்துக்குத் தள்ளிப் புடிச்சு வெளிச்சமான வானத்தப் பாக்க வைங்க, சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது, பேரன்கிட்டயும் அத மொதல்லயே சொல்லி வைங்க. கண்ணு வைக்கிற லென்ஸுக்கு நடுவுல வெள்ளையா ஒரு வட்டம் மெதக்கும். அதுமேல ட்ரான்ஸ்பரன்ட் ஸ்கேல் வச்சு எத்தன மில்லிமீட்டர்னு பாருங்க. அப்புறம் கண்ணு வைக்கிற பக்கம் டார்ச்சு அடிச்சு முன் லென்ஸ் கிட்ட ஒரு பேப்பரப் புடிங்க, பேப்பர்ல விழுத வெளிச்ச வட்டத்தோட அகலந்தான் உள்ளபடிக்கு வேலை செய்யுத லென்ஸோட அகலம், ஏன்னா சில சாமான்ல முன்னால 50 மில்லிமீட்டர் கண்ணாடி இருக்கும், உள்ள ஒரு வளையத்தப் போட்டு 30ஆ சுருக்கி வச்சிருப்பாங்க. என்னுதுல பேப்பர்ல 30, ஸ்கேல்ல 3.8. 30ஐ 3.8ஆல வகுத்தா ஏறக்கொறைய 8. அதாவது 20×50ன்னு எழுதி 8×30 வித்திருக்காங்க. 8×30ன்னே எழுதி வித்திருந்தா அது ஒரு குத்தமும் இல்ல, நல்ல சைசுதான்.

3 கிலோமீட்டர் ரேஞ்ச்னு சொல்லுததுக்கும் அர்த்தம் கெடையாது. உங்க வீட்டு மச்சில நின்னு பாத்தா எதுவுமே இல்லாம வெறுங்கண்ணுல பொதிகை மல தெரியும்லா, நிலா 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கு அதுவும் தெரியுது. எவ்வளவு தூரம் தெரியும்ங்கது கேள்வியே இல்ல, அந்த தூரத்துல எவ்வளவு துல்லியமா தெரியும்ங்கதுதான் கேள்வி. மிலிட்டரி கிரேடும் அப்படித்தான், எந்த நாட்டு ராணுவம் எந்த சோதனை வச்சு எப்படி பாஸ் ஆச்சுன்னு சொல்லாம வெறுமன எழுதுனா அது பச்சக்கலர் ரப்பருக்கு வச்ச பேரு.

எட்டாங்கிளாஸ் பையனுக்கு 8×30 இல்லன்னா 8×32 போதும். 8×42 வெளிச்சம் நல்லாருக்கும், ஆனா 650, 700 கிராம் வரும், பிஞ்சு கழுத்துக்கு அது கனம். வாங்கும்போது பையனையே கூட்டிட்டுப் போங்க, சின்னப் பிள்ளைகளுக்கு ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்க தூரம் கம்மி, பைனாகுலர மடக்கி முழுசா குறுக்குனாலும் சிலது அவங்க கண்ணுக்குச் சேராது. ரெண்டு குழலும் சேந்து ஒரே வட்டமா தெரியுதான்னு அவன் வாயாலயே கேட்டுட்டு அப்புறம் காசு குடுங்க.

கேள்வி: "மல்டி கோட்டட்", "ஃபுல்லி கோட்டட்", "ஃபுல்லி மல்டி கோட்டட்", "ரூபி கோட்டிங்"னு நாலு மாடல்ல நாலு விதமா போட்டிருக்கு. எல்லாம் ஒண்ணுதானே அண்ணாச்சி? – கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: ஒண்ணு இல்லம்மா. இந்த எடத்துலதான் ஒரு வார்த்தை கூடுனா கொறைஞ்சா காசு மாறும்.

கண்ணாடியில வெளிச்சம் படும்போது ஒவ்வொரு பக்கத்துலயும் 4 சதவீதம் மாதிரி திரும்பிப் போயிரும். ஜன்னல் கண்ணாடியில நம்ம மூஞ்சி லேசா தெரியுதுல்லா, அதான். பைனாகுலர் உள்ள லென்ஸு, பிரிசம் (வெளிச்சத்தத் திருப்பி விடுத கண்ணாடிக் கட்டி)னு வரிசையா இருக்கும், காத்தும் கண்ணாடியும் சந்திக்க எடம் ஒரு குழல்ல 16 இருக்குன்னு வச்சுக்குவோம். பூச்சே இல்லன்னா 100ல 52தான் கண்ணுக்கு வந்து சேரும், பாதி வழியிலயே போயிரும். அதுவும் சும்மா போகாது, உள்ளயே அங்கிட்டும் இங்கிட்டும் முட்டி படத்த வெளிறடிச்சிரும். ஒரே ஒரு அடுக்கு மெக்னீசியம் ஃப்ளோரைடு பூசுனா ஒவ்வொரு எடத்துலயும் போறது 1.5 சதவீதமா கொறையும், 78 கிட்ட வந்து சேரும். பல அடுக்கு பூசுனா அரை சதவீதத்துக்கும் கொறக்கலாம், 92 வரும். அந்த ஒரு அடுக்குப் பூச்ச 1935ல ஜெர்மனியில ஸைஸ் கம்பெனில ஸ்மகுலாங்கிறவரு கண்டுபிடிச்சு பேட்டன்ட் எடுத்தாரு, அதனால இது புதுசா வந்த மாயம் எதுவும் இல்ல.

இப்ப வார்த்தைக்கு வருவோம். வெறும் "கோட்டட்"னா எங்கயோ ஒரு லென்ஸுல ஒரு அடுக்கு. "ஃபுல்லி கோட்டட்"னா எல்லா லென்ஸுலயும் ஒரு அடுக்கு. "மல்டி கோட்டட்"னா ஏதோ ஒண்ணு ரெண்டு எடத்துல மட்டும் பல அடுக்கு. "ஃபுல்லி மல்டி கோட்டட்", சுருக்கி எஃப்எம்சின்னு போடுவாங்க, அதான் எல்லா எடத்துலயும் பல அடுக்கு. விளம்பரம் எழுதுதவங்க இருக்கத விட்டுவைக்க மாட்டாங்க, அதனால "ஃபுல்லி"ங்கிற வார்த்தை இல்லன்னா அந்த வேலையும் இல்லன்னுதான் எடுத்துக்கணும். நான் எப்பவும் எழுதிருக்கத விட எழுதாம விட்டதத்தான் தேடுவேன்.

ரூபி கோட்டிங் வேண்டவே வேண்டாம். லென்ஸு மாணிக்கம் மாதிரி செக்கச்செவேல்னு மின்னுதுன்னா செவப்பு வெளிச்சத்த உள்ள விடாம வெளிய துரத்துதுன்னு அர்த்தம், நீ பாக்கிற பறவை செவப்பு கொறஞ்சு நீலம்பாரிச்சு தெரியும். மஞ்சமூக்கு நாரைக்கு செறகுல ரோஸ் கலர் இருக்கும்லா, எவ்வளவு அழகு அது, அதுதான் மொதல்ல போயிரும். கடையில ட்யூப்லைட்டுக்குக் கீழ நின்னு முன் லென்ஸ சாய்ச்சுப் பாரு, ட்யூப்லைட் பச்சையாவோ ஊதாவாவோ மங்கலா தெரிஞ்சா நல்ல பூச்சு, பளீர்னு வெள்ளையா தெரிஞ்சா அந்த லென்ஸுல பூச்சு இல்ல. கண்ணு வைக்கிற பக்கமும் திருப்பிப் பாரு, முன்னால மட்டும் பூசி பின்னால விட்டிருப்பாங்க.

கேள்வி: பைனாகுலர் மேலயே 131மீ/1000மீன்னு எழுதிருக்கு. அப்ப ஒரு கிலோமீட்டருக்கு அங்கிட்டு தெரியாதா? – விவசாயி, களக்காடு

பதில்: தெரியும் தம்பி, பயப்படாதீங்க. 1000 மீட்டர் தள்ளி பாத்தா எடத்துக்கும் வலத்துக்கும் சேத்து 131 மீட்டர் அகலம் ஒரே பார்வையில தெரியும்னு அர்த்தம். தூரத்துக்கு எல்லை இல்ல அது. விக்கிறவங்களே இத "ரேஞ்ச் 1000 மீட்டர்"னு மாத்தி எழுதி விக்காங்க, வேற என்ன சொல்ல.

ஆனா இந்த நம்பர் ரொம்ப முக்கியம், யாருமே கண்டுக்கிட மாட்டாங்க. அகலம் கூடுனாத்தான் கொளத்துல முக்குளிப்பான் முங்கி வேற எடத்துல எந்திரிக்கும்போது சட்டுனு புடிக்கலாம். ஒரே விஷயத்த மூணு விதமா எழுதுவாங்க, 131 மீட்டர்னும் போடலாம், 7.5 டிகிரின்னும் போடலாம், 1000 கஜத்துக்கு 393 அடின்னும் போடலாம். 393ங்கறத பாத்து இது பெருசுன்னு ஏமாந்துறக்கூடாது. சில பேரு "60 டிகிரி வைட் ஆங்கிள்"னு போடுவாங்க, அது கண்ணுக்குத் தோணுத அகலம், 8 மடங்கு பைனாகுலர்னா அத 8ஆல வகுத்தா மறுபடி அதே 7.5தான் வருது. ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடணும்னா ரெண்டையும் ஒரே அளவுக்கு மாத்திக்கிடணும், 1 டிகிரிக்கு 17.5 மீட்டர்.

கேள்வி: "பேக்-4 பிரிசம், ரூஃப் பிரிசம், ஃபேஸ் கோட்டட், டைஎலக்ட்ரிக்" – இதுல எதுக்குக் காசு குடுக்கலாம்? – போட்டோகிராபர், வள்ளியூர்

பதில்: உங்களுக்கு லென்ஸு புதுசில்ல, அதனால நேரா விஷயத்துக்கு வாரேன். குழல் நேரா இருந்தா ரூஃப் பிரிசம், நடுவுல தோள் மாதிரி பொடச்சிருந்தா போரோ. போரோ 1854லயே பேட்டன்ட் எடுத்தது, இத்தாலிக்காரர் பேரு அது. ரூஃப் மாடல் ஒல்லியா அழகா இருக்கும், ஆனா அதுக்குள்ள வெளிச்சம் ரெண்டா பிரிஞ்சு மறுபடி சேரும்போது லேசா ஒண்ணுக்கொண்ணு பிசகிரும், படம் கூர்மை போயிரும். அந்தப் பிசகச் சரி பண்ணுததுதான் ஃபேஸ் கோட்டிங், 1988ல ஸைஸ்ல கொண்டு வந்தாங்க. அதோட பெரும்பாலான ரூஃப் மாடல்ல பிரிசத்தோட ஒரு பக்கத்துக்குக் கண்ணாடி மாதிரி ரசம் பூசணும், அலுமினியம்னா வெளிச்சம் கொஞ்சம் போகும், வெள்ளின்னா அதவிடக் கொறச்சலா போகும், டைஎலக்ட்ரிக்னா, அதாவது உலோகம் இல்லாத பல அடுக்குப் பூச்சுன்னா, 99 சதவீதத்துக்கு மேல திரும்பும். ஆக ரூஃப் மாடல் வாங்குனா இந்த ரெண்டு வார்த்தைக்கும் தாராளமா காசு குடுக்கலாம். போரோவுக்கு இது ரெண்டுமே தேவையில்ல, அதனால போரோ விளம்பரத்துல அது இல்லன்னு கொறையா நெனச்சிராதீங்க. கையில காசு கம்மின்னா அதே வெலைக்கு ரூஃப விட போரோல நல்ல படம் கெடைக்கும்ங்கது என் அனுபவம்.

பேக்-4ங்கிறது கண்ணாடி ரகம். பிகே-7ங்கிற இன்னொரு ரகத்தவிட ஒளிய வளைக்கிற தெறன் அதுக்குக் கூட, 1.52க்கு 1.57. போரோல பிகே-7 போட்டா நான் மேல சொன்ன வெளிச்ச வட்டத்தோட ஓரம் வெட்டுப்பட்டு சதுரம் மாதிரி மங்கலா நிழல் விழும், பேக்-4ன்னா முழு வட்டமா இருக்கும். எழுதிருக்கத நம்பண்டாம், வானத்தப் பாத்து தள்ளிப் புடிங்க, அஞ்சு செகண்டு வேல. ரூஃப் மாடலுக்கு இந்த வித்தியாசம் அவ்வளவா இல்ல, ஆனா விளம்பரத்துல அங்கயும் பேக்-4ங்கறத கொட்ட எழுத்துல போட்டு ஃபேஸ் கோட்டிங் பத்தி மூச்சே விட மாட்டாங்க.

கேள்வி: ஹெச்டி, அல்ட்ரா ஹெச்டி, ஈடி – வித்தியாசம் என்ன? – வாசகர், ராதாபுரம்

பதில்: டிவில ஹெச்டின்னா 720 கோடு, 1080 கோடுன்னு கணக்கு இருக்கு. பைனாகுலர்ல ஹெச்டிக்கு யாரும் எந்தக் கணக்கும் வைக்கல, கம்பெனிக்கு கம்பெனி மாறும், அல்ட்ரா சேத்தாலும் அதே கததான். ஈடிங்கிறது மட்டும் ஒரு பொருளோட பேரு, நெறத்தக் கம்மியா பிரிக்கிற கண்ணாடி. சாதா கண்ணாடில வெள்ளை வானத்துக்கு முன்னால கருப்பா ஒரு காக்காய பாத்தா ஓரத்துல ஊதாவும் பச்சையுமா கோடு தெரியும், ஈடில அது கொறையும். உங்க ஊர்ப் பக்கம் கரண்டு எடுக்குத காத்தாடி நெறைய இருக்குல்லா, அந்த எறக்கையோட ஓரத்த வானத்துக்கு எதிரா பாருங்க, அதவிட நல்ல டெஸ்ட்டு கெடையாது. ஆனா ஈடி லென்ஸு இருந்தும் மத்த வேல மோசமா இருக்க சாமானும் இருக்கு, அது மட்டும் போதாது.

கேள்வி: "வாட்டர் ப்ரூஃப்"னு நம்பி மாஞ்சோலைக்குக் கொண்டுபோனேன், உள்ள ஆவி புடிச்சு இப்ப பூஞ்சை வந்துட்டு. – ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: ரொம்ப சங்கடமா இருக்கு மதினி, பூஞ்சை ஒரு தடவ லென்ஸத் தின்ன ஆரம்பிச்சா பூச்சையும் சேத்து அரிச்சிரும், தாமதிக்காம லென்ஸ் க்ளீன் பண்ணுத ஆள்கிட்ட குடுத்துருங்க. "வாட்டர் ரெசிஸ்டன்ட்", "வெதர் ப்ரூஃப்", "ஸ்பிளாஷ் ப்ரூஃப்" எல்லாம் தூத்தலுக்குத் தாங்கும், அவ்வளவுதான். வாட்டர் ப்ரூஃப்னு போட்டா கூடவே நம்பர் வேணும், ஐபிஎக்ஸ்-7ன்னா ஒரு மீட்டர் தண்ணிக்குள்ள 30 நிமிசம் கெடந்தாலும் உள்ள எறங்காது. ஆவி பிடிக்காம இருக்கணும்னா உள்ள இருக்க ஈரக்காத்த எடுத்துட்டு நைட்ரஜன் இல்லன்னா ஆர்கான் அடைச்சிருக்கணும், அது எழுதிருக்கான்னு பாருங்க. அப்படி இருந்தாலும் மல மேல குளுர்ல இருந்து வெக்கைக்கு வந்தா வெளிப்பக்கம் மூச்சடிச்ச மாதிரி மங்கத்தான் செய்யும், அது கொஞ்ச நேரத்துல போயிரும், கெடுதல் இல்ல. ஐப்பசி கார்த்திகை மழையில காத்துப் போகாத பைக்குள்ள பூட்டி வைக்காதீங்க, ஈரத்த உறிஞ்சுத சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட டப்பால வைங்க.

கேள்வி: கண்ணாடி போட்டவன் நான். பைனாகுலர்ல பாத்தா நடுவுல சின்ன வட்டம்தான் தெரியுது. – வாசகர், சேரன்மகாதேவி

பதில்: "லாங் ஐ ரிலீஃப்"னு (முழு வட்டமும் தெரிய கண்ணு லென்ஸுல இருந்து தள்ளி இருக்க தூரம் கூடன்னு அர்த்தம்) எழுதிருக்கும், எத்தன மில்லிமீட்டர்னு எழுதிருக்காது. கண்ணாடிக்காரங்களுக்குக் கொறஞ்சது 15, முடிஞ்சா 17 இருக்கணும். கண்ணு வைக்கிற ரப்பர மடக்கி இல்லன்னா திருகி உள்ள எறக்கிட்டுப் பாருங்க, பல பேரு அத வெளிய நீட்டி வச்சே பாத்துட்டு சாமான் சரியில்லன்னு தூக்கிப் போட்டிருதாங்க.

கேள்வி: 10-30×50 ஜூம், "ஆட்டோ ஃபோகஸ்" – நல்லதா? – வாசகர், நாங்குநேரி

பதில்: ரெண்டும் வேண்டாம். 30ல வச்சா 50 வகுத்தல் 30, 1.7 மில்லிமீட்டர்தான் வருது, மங்கிரும். 10ல வச்சா பார்வை சுருங்கிரும். ஆட்டோ ஃபோகஸ்னு விக்கதுல பெரும்பாலும் ஃபோகஸே கெடையாது, திருகுத சக்கரத்த எடுத்துட்டு ஒரே எடத்துல நிப்பாட்டி வச்சிருப்பாங்க, கிட்டக்க இருக்கத நம்ம கண்ணுதான் இழுத்துப் புடிச்சுப் பாக்கணும்.

கேள்வி: இவ்வளவும் எதுக்கு அண்ணாச்சி, பேசாம ஒரு மாடல் பேரச் சொல்லுங்களேன். – வாசகர், திருநெல்வேலி டவுன்

பதில்: ஒரே மாடல்லயே ஒரு பீஸு நல்லாருக்கும், அடுத்த பீஸு ரெண்டு குழலும் ஒரு நேர்ல நிக்காம கோணிக்கிட்டு வரும், அதனால பேரச் சொல்லி ஆவப்போறது ஒண்ணுமில்ல. 8×32ல இருந்து 8×42க்குள்ள, எஃப்எம்சி, அகலம் 7 டிகிரிக்குக் கொறையாம, இத மட்டும் வச்சு உங்க பட்ஜெட்டுல ரெண்டு மூணு பொறுக்குங்க. கைக்கு வந்ததும் ரதவீதியில நின்னு கோபுரத்து உச்சியில இருக்க கலசத்தப் பாருங்க, ஒண்ணு ரெண்டா தெரிஞ்சாலோ கண்ணு இழுக்க மாதிரி இருந்தாலோ மறுபேச்சில்லாம திருப்பிக் குடுத்திருங்க. அது நல்லாருந்தா ரிட்டர்ன் தேதி முடியுததுக்குள்ள ஒரு சாய்ங்காலம் நயினார்குளம் கரைக்கு எடுத்துட்டுப் போயி பொழுது அடையத வரைக்கும் நில்லுங்க, வெறுங்கண்ணுக்கு நாமக்கோழி வெறும் கருப்புப் பொட்டா ஆனப்புறமும் பைனாகுலர்ல அதோட நெத்தியில இருக்க வெள்ளை நாமம் தெரிஞ்சிட்டுன்னா, அத வச்சுக்கிடலாம்.